வலைக்கு அடியில் ஓட்டுச் சீட்டு

“எல்லாரும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு அமுத்திட்டுப் போயிடுறீங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னு ஒரு ஆளாவது படிக்கிறீங்களா?”

கட்டுமாவடியில் இதைக் கேட்காத காது கிடையாது. ரிஃபானா அக்காவின் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஸ்காலர்ஷிப் போட வந்தவர், பாஸ்போர்ட் புதுப்பிக்க வந்தவர், சும்மா மழைக்கு ஒதுங்கியவர் என யாரும் தப்பியதில்லை. ‘உள்ள’ என்று சொல்லும்போது குரல் ஒரு படி கீழே இறங்கும், கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி. ‘ஒரு ஆளாவது’ என்கிற இடத்தில் மேலே வந்துவிடும். கல்யாண வீடுகளில் நான் ஊர்க்காரர்கள் குரலில் பேசிக் காட்டுவேன். இந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் போதும், பந்தியில் கறி ஊற்றுகிறவர்கூடக் கரண்டியோடு நின்றுவிடுவார். அக்காவே ஒருமுறை கேட்டுவிட்டு, “குரலு அப்படியே இருக்குடா. சொன்ன விஷயந்தான் ஒன் மண்டைல ஏறல” என்றார்.

ரிஃபானா அக்கா எனக்குப் பெரியம்மா மகள். மீன் ஏலக்காரர் ஜமால் முகமதுவின் ஒரே பிள்ளை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம், அதனால் அவர் எனக்குப் பெரியத்தா. அறந்தாங்கியில் பி.சி.ஏ. படித்தவர். வீட்டுக்காரர் ராஜா முகமது சார்ஜாவில் ஏசி மெக்கானிக். பஸ் ஸ்டாப் பக்கம் சென்டர் திறந்த புதிதில், எல்லாரையும் போல அக்காவும் யாரோ காப்பி எடுத்துக் கொடுத்த சாப்ட்வேரைத்தான் போட்டிருந்தார். ஒருநாள் எவனோ கொண்டுவந்து சொருகிய பென்டிரைவில் வைரஸ் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளின் சான்றிதழ்களில் பாதியை அது தின்றுவிட்டது. மறுநாள் பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கி வந்து ஸ்கேன் செய்து அனுப்பினார்.

அந்த வாரமே எல்லாக் கம்ப்யூட்டரையும் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டார். எழுதுவதற்கு லிப்ரே ஆபிஸ், படம் வெட்டுவதற்கு வேறொன்று, எல்லாமே உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று யாரும் திறந்து பார்க்கக்கூடிய மென்பொருள்கள். சுவரில் பென்குயின் படம் ஒன்றையும் ஒட்டினார். “என்னம்மா, வாத்துக் கறி விக்கிறியா?” என்று கேட்டவர்களுக்குக் கணக்கில்லை. ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று கேட்டால் அக்கா இப்படிச் சொல்வார்: “ஹோட்டல்ல சமையக்கட்டுக்குள்ள போய்ப் பாக்கலாம். உப்பு பத்தலைன்னா நாமளே போட்டுக்கலாம். என்னத்தப் போட்டோம்னு அடுத்த ஆளுக்கும் சொல்லணும். அவ்வளவுதான்.”

வீரய்யா அண்ணனுக்கு அது விளங்கவில்லை. அவர் படகுக்காரர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதால், கரையில் ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

“காசே வாங்காமக் குடுக்குறான்னா அதுல என்னத்தம்மா பெருசா இருக்கப் போவுது?”

“கடலும் காசு வாங்கலண்ணே. அதுல ஒண்ணும் இல்லாமயா தெனமும் போறீங்க?”

வீரய்யா அண்ணன் வாயை மூடியது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை என்று அவர் வீட்டில் சொன்னார்கள்.

எதையும் திறந்து காட்டச் சொல்லும் இந்தப் பிடிவாதத்துக்கு வைரஸ் மட்டும் காரணமில்லை. அதற்கு, மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த சங்கத் தேர்தலுக்குப் போக வேண்டும்.

எங்கள் கடற்கரையில் மீன் வியாபாரிகள் நலச் சங்கம் ஒன்று இருக்கிறது. படகுக்காரர், வியாபாரி, ஏலக்காரர் எல்லாரும் உறுப்பினர்கள்; வெளிநாடு போனாலும் பேர் அப்படியே இருக்கும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தலைவர் தேர்தல், ஆடி மாதத்தில். ஆடிக் காற்று அடித்தால் படகு போகாது, எல்லாரும் கரையில் இருப்பார்கள் என்பதுதான் கணக்கு. போன தடவை அன்வர் பாட்சா மாமாவும் வீரய்யா அண்ணனும் நின்றார்கள். நடத்தி வைக்க ஒரு பொது ஆள் வேண்டும் என்றதும் எல்லா வாயும் ஒரே பெயரைச் சொன்னது. ஜமால் முகமது. ஊரில் யாரும் அவர் பேச்சைச் சந்தேகப்பட்டதில்லை.

சங்கத்து அறையில் பெரியத்தா பெட்டியைத் திறந்தார். காற்று உள்ளே புகுந்து சீட்டுகளைக் கிளப்பியது. அவர் ஜன்னலைச் சாத்தினார், கதவையும் சாத்தினார், நிம்மதியாக எண்ணினார். வெளியே வந்து, அன்வர் பாட்சா ஏழு ஓட்டில் ஜெயித்ததாகச் சொன்னார். 

“கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்ன பண்ணுனீங்க?” என்றார் வீரய்யா அண்ணன்.

அவ்வளவுதான். அடுத்த நாள் ஏலத்தில் பெரியத்தா விலை கூவியபோது பின்னாலிருந்து ஒரு குரல், “பாய், இந்தக் கூடையையும் கதவைச் சாத்திட்டு எண்ணுனீங்களா?” என்றது. சிலர் சிரித்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்தான், மறுபடி ஏலக்கூடத்துப் பக்கம் வரவில்லை. அவருக்குப் பதிலாக ராசாத்தியக்கா விலை கூவ ஆரம்பித்தார். காலையில் ஏலச் சத்தம் காற்றில் வரும்போது பெரியத்தா வீட்டில் டிவியைச் சத்தமாக வைப்பார். மகள் அதைப் பார்த்துக்கொண்டே சென்டருக்குக் கிளம்புவார்.

இந்த வருஷம் மறுபடி தேர்தல் வந்தது. மறுபடியும் அதே இரண்டு பேர். அன்வர் மாமா திருச்சியிலிருந்து ஒரு கம்பெனிக்காரரைக் கூட்டி வந்தார். பெயர் ஜெபக்குமார். ஒவ்வொரு வார்த்தையையும் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுப்பது போலப் பேசினார்.

“சார், இது ஹண்ட்ரட் பர்சென்ட் செக்யூர் சார். கல்ஃப்ல இருக்கிற மெம்பர்ஸ்கூட அங்கேர்ந்தே ஓட்டுப் போடலாம் சார். ஒரு கிளிக். ரிசல்ட் உடனே வந்துடும் சார்.”

அன்வர் மாமா மைக் முன்னால் நிற்பவர் போலக் கடைசிச் சொல்லை இழுப்பார். “மெஷின் எண்ணுனா யாரும் யாரையும் திருடன்னு சொல்ல முடியாதுல்லாஆ. மூணு வருஷமா நான் ஜெயிச்சதையே ஜெயிக்கலன்னு பேசுறாங்க. எனக்கும் மானம் இருக்குல்லாஆ.”

அதில் நியாயம் இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. கூட்டத்தில் ரிஃபானா அக்கா எழுந்தார். வீட்டுக்காரர் பேரில் இருக்கும் உறுப்பினர் உரிமையில், முன்வரிசைக்கே வந்து நின்றார்.

“தம்பி, உங்க ஆப்பு உள்ள எப்படி எண்ணுதுன்னு காட்டுவீங்களா?”

“அது கம்பெனி சீக்ரெட் மேடம்.”

“ஓட்டுதான் தம்பி சீக்ரெட்டா இருக்கணும். எண்ணுறது எதுக்கு சீக்ரெட்டு?”

ஜெபக்குமார் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தார். அன்வர் மாமா குறுக்கே வந்தார். “ஏம்மா, நாட்டுக்கே மெஷின்லதான் ஓட்டு நடக்குது. நம்ம சங்கம் அதவிடப் பெருசா?”

“அதுலயும் பக்கத்துல ஒரு பெட்டி இருக்கு மாமா. நாம அமுத்துனது சீட்டுல வந்து, கண்ணாடி வழியா ஏழு செகண்டு தெரியும், அப்பறந்தான் உள்ள விழும். அதுலயே இன்னும் நல்லாக் காட்டுங்க, எல்லாச் சீட்டையும் எண்ணுங்கன்னு ஒரு பக்கம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. இவரு ஆப்புல விழுறதுக்குச் சீட்டே இல்ல.”

“அப்ப நீயே செஞ்சு குடேன்.”

வாய் தவறிச் சொன்னாரா, வீம்புக்குச் சொன்னாரா தெரியாது. அக்கா சரி என்றுவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து சென்டர் கதவில் ‘பேசாதே’ என்று எழுதாத குறைதான். அக்கா தன் லினக்ஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஓட்டுப் போடுவதற்கான ப்ரோக்ராம் ஒன்றைத் தயார் செய்தார். ஓட்டு ஆரம்பித்ததும் ஒவ்வொரு உறுப்பினரின் செல்போனுக்கும் ஓடிபி வரும், அதை அடித்தால் ஓட்டுப் பக்கம் திறக்கும். எழுதியதை முழுக்கப் பிரிண்ட் எடுத்துச் சென்டர் சுவரில் ஒட்டினார், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று. பெரிய சந்தோஷம் அவருக்கு. ஊர்க்காரர்கள் பிறந்த குழந்தையைப் பார்க்க வருவது போல வந்தார்கள். “நல்லாருக்கும்மா” என்றார்கள். ஒருவர் பென்குயினைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். வீரய்யா அண்ணன் மட்டும் கைகட்டி நின்று நான்கு தாளையும் பார்த்தார்.

“படிச்சீங்களாண்ணே?”

“படிச்சேன். இங்கிலீஷ் எழுத்தாத்தான் இருக்கு. ஆனா இங்கிலீஷ் இல்ல.”

“வெளங்காததைக் கேளுங்க, சொல்றேன்.”

“நீ எழுதுனதை நீ சொல்லி நான் வெளங்கிக்கிறதுக்கு, நான் பேசாம ஒன்னையே நம்பிட்டுப் போயிடலாமே.”

இதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அக்காவின் முகம் அன்று முழுக்கச் சரியாக இல்லை.

தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த பிறகு ஒரு வெள்ளோட்டம் வைத்தார்கள். யார் தலைவர் என்றில்லாமல், குழம்புக்கு எது நல்லது என்று விளையாட்டாக ஒரு கேள்வி. கொடுவா மீன், நண்டு, இறால். சென்டர் நிறையக் கூட்டம். திரையில் எண்ணிக்கையும் ஓட்டுப் போட்டவர்களின் பட்டியலும் ஏறின. உள்ளூர் ஓட்டுகள் மெதுவாகத்தான் வந்தன, ஓடிபி எங்கே வரும் என்று பாதிப்பேர் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு ஓட்டுகள் மட்டும் மழை மாதிரி கொட்டின. துபாய், தோஹா, மஸ்கட், எல்லாம் வந்தாயிற்று.

“பாத்தியா, கடல் தாண்டி வருதும்மாஆ” என்று அன்வர் மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாம் வந்துருச்சு. எங்க வீட்டுக்காரர் ஓட்டு மட்டும் வரல.”

“ட்யூட்டில இருப்பாருக்கா” என்றேன்.

“மத்தவங்க எல்லாம் என்ன, லீவா?”

சொல்லிவிட்டு மேசையில் கிடந்த தன் போனை எடுத்தார். ராஜா முகமது மச்சானின் ஊர் சிம் அந்தப் போனில்தான் இருக்கிறது. ஓடிபி அதற்குள் வந்து, யாரும் தொடாமல் கிடந்தது.

எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்கள் ஊர் சிம்மைக் கொண்டுபோவதில்லை. பேங்க், கேஸ், ஸ்கூல் என்று எல்லா மெசேஜும் வீட்டுக்கு வர வேண்டும் என்பதால் அது மனைவியின் போனிலேயே இருக்கும். சங்கத்தில் கொடுத்திருப்பதும் அந்த நம்பர்தான். இது ஊருக்கே தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவர் போனிலேயே இருந்தும் ப்ரோக்ராம் எழுதும்போது அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா பக்கத்துத் தெரு ரசியா பேகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ரசியாவின் கணவர் தோஹாவில் இருக்கிறார்.

“ரசியா, சங்கத்துலேர்ந்து ஓட்டு ஒண்ணு வந்துச்சா?”

“ஆமாக்கா, போட்டுட்டேனே. கொடுவா.”

“அவருகிட்டக் கேட்டியா?”

“இதுக்கெல்லாமாக்கா கேப்பாங்க? அவருக்கு நண்டு ஒத்துக்காது. ஒடம்பெல்லாம் தடிப்பாயிரும்.”

சென்டரே சிரித்தது. நான் அந்த இடத்திலேயே ரசியாவின் குரலைப் பிடித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. எழுந்துபோய்ச் சுவரில் ஒட்டிய தாள்களை ஒவ்வொன்றாக உரித்தார்.

“என்னம்மா பண்ற?” என்றார் அன்வர் மாமா. “சின்னக் கோளாறு. அவங்க அவங்க வெளிநாட்டு நம்பரை வாங்கிப் போட்டா முடிஞ்சு போச்சு.”

“முடியாது மாமா.”

“ஏன் முடியாது? கூட ரெண்டு நாள் எடுத்துக்க. ஒன்ன ஊரே நம்புது.”

அப்போது வாசலில் நின்ற வீரய்யா அண்ணன் தன்னை மறந்து ஒன்று சொன்னார். அவர் முணுமுணுத்ததாக நினைத்தார். எல்லாருக்கும் கேட்டது.

“அவங்க அத்தா கதவைச் சாத்துனாரு. இவ கம்ப்யூட்டரைச் சாத்துறா. நமக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அக்கா கையில் தாள்களோடு திரும்பினார். சண்டை வரும் என்று நானே இரண்டடி பின்னால் போனேன்.

“அண்ணன் சொல்றதுதான் சரி” என்றார் அக்கா. “தொறந்து வச்சிட்டா போதும்னு நெனச்சேன். தொறந்த கதவு வழியா ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலைன்னா அது சாத்துன கதவுதான். இன்னைக்கு என் போனு மேசைல கெடந்ததால இந்த ஒரு தப்பு தெரிஞ்சுச்சு. தெரியாதது எத்தனையோ. நாளைக்கு ஒண்ணு வெளிய வந்தா, மறுபடியும் ஜமால் வீட்டுலதான்னு சொல்லுவீங்க. எங்கத்தாவுக்கு இன்னொரு மூணு வருஷம் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்க நான் விட மாட்டேன். சீட்டுல போடுவோம். எல்லார் கண்ணு முன்னாடியும் எண்ணுவோம்.”

“சீட்டுலதானேம்மா போன தடவை சண்டை வந்துச்சுஉ?”

“சீட்டுல வரல மாமா. ரூம்புல வந்துச்சு.”

ராசாத்தியக்கா அதுவரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இப்போது வாயைத் துடைத்தார். “கூடையைக் கவுக்காம நான் ஒரு நாளும் வெல கூவுனதில்ல. மேல பெருசா அடுக்கி அடில பொடிசை வைக்கிற ஆளுக இருக்கானுவ. அதான் தரைல கொட்டிக் காட்டிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. ஓட்டையும் ஏலக்கூடத்துல கொட்டு பாப்பா. நான் கூவுறேன்.”

அப்படித்தான் முடிவாயிற்று. வெளிநாட்டு உறுப்பினர்களுக்கு என்ன வழி என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில், ஒவ்வொருவரும் வீடியோ காலில் வந்து, தன் ஓட்டை வீட்டில் யார் போடுவது என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றார்கள். தோஹாக்காரர் போனில் வந்தபோது ஹெல்மெட்டோடு இருந்தார்.

“ரசியாவே போடட்டும்ங்க. எங்க வீட்டுல வேற யாரு முடிவு பண்றா?”

தேர்தலுக்கு முதல் நாள் மாலை அக்கா வீட்டில் சீட்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியத்தா டிவி பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏலக்கூடத்துலயா எண்ணப் போற?”

“ஆமாத்தா.”

“நாலு பக்கமும் தொறந்த எடம். ஆடிக் காத்து. பறக்கும்.”

“கல்லு வைக்கலாம்னு இருக்கேன்.”

“எத்தனை சீட்டுக்கு எத்தனை கல்லு வைப்ப?” என்றார். டிவியின் சத்தத்தைக் குறைத்தார். “வலையைப் போட்டு மூடு. ஓரத்துல ஈயக் குண்டு இருக்குல்ல, காத்து தூக்காது. வலைக் கண்ணு வழியா எல்லாருக்கும் தெரியும். அடில கைய விட்டு ஒண்ணொண்ணா எடுக்கலாம்.”

அக்கா மடிப்பதை நிறுத்திவிட்டார். “இதை நீங்க வந்து சொன்னா நல்லாருக்கும்.”

“நான் எதுக்கு?”

“நடத்தச் சொல்லல. நின்னு பாக்கச் சொல்றேன். உங்களுக்கும் ஒரு ஓட்டு இருக்குல்ல.”

அவர் டிவி பக்கம் திரும்பினார், ஆனால் சத்தத்தைக் கூட்டவில்லை. 

மறுநாள் காலையில் ஒரு தண்ணீர் கேனைக் கவிழ்த்து, தட்டி, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டு, மூடியில் பிளவு வெட்டி ஓட்டுப் பதிவை ஆரம்பித்தார்கள். மறைவுக்கு ஒரு படுதா. கேனுக்குள் சீட்டு விழுவது நீல பிளாஸ்டிக் வழியாகத் தெரிந்தது. பெண்கள் வரிசைதான் நீளம். ஓட்டு முடிகிற நேரத்தில் பெரியத்தா வந்தார். யாரையும் பார்க்காமல் சீட்டைப் போட்டுவிட்டு, வியாபாரிகள் நிற்கும் இடத்தில் போய் நின்றுகொண்டார்.

ஏலத் தரையில் கேனைக் கவிழ்த்தார்கள். காற்று வருவதற்குள் வலை விழுந்தது. வெள்ளைச் சீட்டுகள் வலைக்குள் துடித்தன, அப்போதுதான் பிடித்த மீன் மாதிரி. ராசாத்தியக்கா குந்தி உட்கார்ந்து, அடியில் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்து, விரித்து, தலைக்கு மேலே பிடித்து நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார். “வீரய்யாஆஆ, ஒண்ணு.” அப்புறம் அடுத்தது. அக்காவின் லேப்டாப் ஓரத்தில் இருந்தது. கூவியதை அக்கா அதில் அடித்துத் திரையில் காட்டினார். அதைத் தவிர அதற்கு வேலை இல்லை.

பாதி எண்ணியிருப்பார்கள். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மூன்று வருஷமாக அந்தத் தரையில் கேட்காத குரல். ஊரில் எல்லார் குரலையும் எடுப்பேன், அந்தக் குரலை மட்டும் என்னால் எடுக்க முடிந்ததில்லை. 

“ராசாத்தி, வேகமாப் போற. அந்தச் சீட்டை மறுபடி காட்டு.”

ராசாத்தியக்கா நிமிர்ந்து பார்த்தார். “அதுக்கென்ன பாய், நல்லாப் பாருங்க” என்று சீட்டை மறுபடி விரித்துச் சுற்றிக் காட்டினார். சரியாகத்தான் கூவியிருந்தார். பெரியத்தா தலையசைத்தார். அதற்குப் பிறகு வீரய்யா அண்ணனின் ஆள் ஒருவன் ‘மறுபடி காட்டு’ என்றான், அன்வர் மாமாவின் மருமகனும் அதையே கேட்டான். ஆளாளுக்குக் கேட்டார்கள். ராசாத்தியக்கா ஒருவருக்கும் முகம் சுளிக்கவில்லை. மூன்று மடங்கு நேரம் ஆயிற்று.

வீரய்யா அண்ணன் ஐந்து ஓட்டில் ஜெயித்தார். ஒரு கூச்சல், இரண்டு விசில், ஒரு சரவெடி. அடிதடி இல்லை. எங்கள் சங்கத்துக்கு இது புதிது.

மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீரய்யா அண்ணன் நேராகப் பெரியத்தாவிடம் வந்தார். நிஜமாகவே மெதுவாகப் பேசினார். எங்களுக்கெல்லாம் காது கூர்மையாயிற்று.

“பாய், அன்னைக்கும் கதவைத் தொறந்து வச்சிருந்தா…”

“காத்து அடிச்சுச்சுய்யா” என்றார் பெரியத்தா. “எனக்கு வலை ஞாபகம் வரல.”

“எனக்கும் கதவைத் தட்டிக் கேக்கத் தோணல.”

இரண்டு பேருமாக வலையைச் சுருட்டுகிறவர்களுக்கு ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

அக்கா லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அன்வர் மாமா வந்து பக்கத்தில் நின்றார். தோற்றவர் முகம்தான். ஆனால் மூன்று வருஷமாக இருந்த சுருக்கம் அதில் இல்லை. சொல்லை இழுக்கவும் இல்லை.

“தோத்துட்டேம்மா. ஒரு ஓட்டுகூட வுடாமப் பாத்தேன், நெசமாத்தான் தோத்துருக்கேன். பேச ஒண்ணுமில்ல. அடுத்த தடவையும் நீயே நடத்து. நான் வந்து நின்னு பாக்கக்கூட வேணாம், ஒன்ன அப்படியே நம்பி விட்டுடுறேன்.”

அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

“நம்பாதீங்க மாமா. எங்கத்தாவையும் மொத நாளு இப்படித்தான் எல்லாரும் சேந்து நம்புனீங்க. அடுத்த வாட்டி ஓட்டுல நின்னாலும் சரி, நிக்காட்டியும் சரி, மூக்குக் கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டு முன்னாடி வந்து நில்லுங்க. எனக்கு அது போதும்.”